மிதக்கும் சோபா

அக்கா அமெரிக்காவில் இருந்தால் தம்பிக்கு இரண்டு கடமைகள். ஒன்று, ஆவக்காய் ஊறுகாயைச் சூட்கேஸில் கொட்டாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இரண்டு, அத்தான் காட்டுகிற எல்லாவற்றையும் பார்த்து ‘அடேங்கப்பா’ என்று சொல்வது. போன வருஷம் ஜூலையில் மின்னசோட்டாவில் இரண்டையும் ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தேன். அத்தான் தன் படகைக் காட்டும்வரை.

“இதாண்டா நம்ம போட்” என்றார்.

என் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு ஹால். சுற்றிலும் சோபா, நடுவில் டீப்பாய், மேலே துணிப் பந்தல். அடியில் மட்டும் கேஸ் சிலிண்டரை இழுத்து நீட்டிய மாதிரி இரண்டு அலுமினியக் குழாய்கள். யாரோ வீட்டு ஹாலைப் பெயர்த்து ஏரியில் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். ‘அடேங்கப்பா’ சொல்ல மறந்துபோனது. அத்தான் முகம் சுருங்கியது.

பெயர் பான்ட்டூன் படகு. பிறந்த இடமும் மின்னசோட்டாதான். 1952-ல் ரிச்மண்ட் என்ற சிற்றூரில் அம்ப்ரோஸ் வீர்ஸ் என்ற விவசாயி, இரும்பு டிரம்களை வரிசையாக வெல்டு வைத்து, மேலே மரப்பலகை அடித்து ஏரியில் இறக்கினாராம். இந்த மாநிலத்துக் கார்களின் நம்பர் பிளேட்டில் ‘10,000 ஏரிகள்’ என்று போட்டிருக்கும். உண்மையான கணக்கு 11,842. இருப்பதைக் குறைத்துச் சொல்லும் ஒரு அரசாங்கத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் பி.காம். படகின் விலையைக் கேட்டதும் மனசுக்குள் டெப்ரிசியேஷன் போட்டுவிட்டேன். குளிர்காலம் முழுக்க ஏரி உறைந்து கிடக்கும். மீதியில் சனி, ஞாயிறு மட்டும். அதிலும் மழை போக, அக்காவுக்குத் தலைவலி போக... ஒரு சவாரிக்கு ஆகிற செலவில் திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு போய் முடியிறக்கிவிட்டு வரலாம். அத்தானிடம் சொல்லவில்லை. ரிட்டர்ன் டிக்கெட் அவர் போட்டது.

அந்த ஏரியில் எல்லோரும் ஒருவரைக் ‘கேப்டன்’ என்று கூப்பிட்டார்கள். நமக்குக் கேப்டன் என்றால் விஜயகாந்த்தான். இவரோ எழுபத்தேழு வயசுக் கிழவர். இரண்டு முழங்காலும் மக்கர். சாதாரணப் படகென்றால் காலைத் தூக்கி வைத்து, ஆட்டம் சமாளித்து ஏற வேண்டும். பான்ட்டூனுக்கு வீட்டுக்கதவு மாதிரி கதவு, தரை சமதளம், அப்படியே நடந்து போய் உட்காரலாம். ரிடையர் ஆன பழைய ராணுவத்தார் பலர் இந்தப் படகு வாங்குவதற்கு முதல் காரணம் வீரமல்ல, மூட்டுவலி. கேப்டனே சொன்னது.

சனிக்கிழமை சாயங்காலமானால் ஏழெட்டுப் படகுகள் ஏரி நடுவே நங்கூரம் போட்டு, பக்கத்தில் பக்கத்தில் கயிறு கட்டிக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து ஒரே தரையாகிவிடும். நம்மூர் ஒண்டுக்குடித்தனம் மாதிரி ஒருத்தர் ஹால் வழியாக இன்னொருத்தர் ஹாலுக்குப் போகலாம். யார் வீட்டு ஐஸ்பெட்டியையும் யாரும் திறக்கலாம். அக்காவின் மசால்வடை மூணாவது படகைத் தாண்டவில்லை.

அங்கேதான் நான் சொதப்பினேன். கேப்டன் வியட்நாம் போரில் இருந்தவர் என்று அத்தான் காதில் சொன்னார். நான் ஆர்வக்கோளாறில், ஆங்கிலம் நன்றாக வரும் என்பதையும் காட்டிக்கொள்ளலாமே என்று, சத்தமாகக் கேட்டேன். “சார், நீங்க எத்தனை பேரைச் சுட்டிருப்பீங்க?”

ஏழு படகும் அமைதி. தண்ணீர் குழாயில் மோதும் சத்தம் மட்டும் ‘ளொப் ளொப்’ என்று கேட்டது. அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்தப் பத்திரிகை இடம் கொடுக்காது. அடுத்த படகிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து வந்து என் மடியில் சிப்ஸ் பாக்கெட்டை வைத்தார். “சாப்பிடு. வாய் நிறைய.”

அவர் 2006-ல் இராக்கில் ராணுவ லாரி ஓட்டியவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கேப்டன் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் என்னைத் தன் படகில் ஏற்றிக்கொண்டு, நான் கேட்காத கதையைச் சொன்னார். 1967-ல் அவருக்குப் பத்தொன்பது வயசு. கட்டாய ராணுவத்தில் இழுத்தால் காட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முந்திக்கொண்டு நேவியில் சேர்ந்தால் நடுக்கடலில் பெரிய கப்பலில் பத்திரமாக இருக்கலாம், வேளாவேளைக்குச் சாப்பாடு. நல்ல பிளான்தான். நேவி அவரை அனுப்பியது மெகாங் ஆற்றுக்கு. நாலு பேர் போகிற சின்ன ரோந்துப் படகு. ஃபைபர்கிளாஸ் உடம்பு. “குண்டு ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் போயிடும், யங் மேன். நடுவுல நாம இல்லாம இருக்கணும், அவ்வளவுதான்.” ப்ரொப்பெல்லர் கிடையாது. பாசியில் சிக்குமென்று, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும். இரண்டு கரையிலும் புதர். எந்தப் புதருக்குப் பின்னால் யார் என்று தெரியாது.

“அப்புறம் நாற்பது வருஷம் நான் எந்தப் படகிலும் ஏறலை” என்றார், சைக்கிள் வேகத்தில் படகை ஓட்டிக்கொண்டே.

ஊர் திரும்பியது 1969-ல். போரின் மேல் ஜனங்களுக்கு இருந்த கோபம், போய் வந்த பையன்களின் மேலும் விழுந்த காலம். ஏர்போர்ட் டாய்லெட்டில் யூனிஃபார்மைக் கழற்றிவிட்டுச் சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாராம். அப்பா கேட்ட ஒரே கேள்வி, “அடுத்து என்ன வேலைக்குப் போறே?” 1982-ல் வாஷிங்டனில் கறுப்புக் கிரானைட் சுவர் எழுப்பி, இறந்தவர்கள் சுமார் 58,000 பேரின் பெயரைப் பொறித்தார்கள். உயிரோடு வந்தவர்களுக்கு என்ன செய்வதென்று அப்போதும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

2011-ல் ரிடையரானதும் மனைவி நச்சரித்து பான்ட்டூன் வாங்கவைத்தார். பின்னால் சின்னதாக ஒரு நேவி கொடியும் அவர்தான் கட்டினார். கேப்டன் வேண்டாமென்று சண்டை போட்டிருக்கிறார். முதல் வாரமே ஒரு பான்ட்டூன் துரத்திக்கொண்டு வந்தது. ஏதோ ரூலை மீறிவிட்டோம், திட்டப்போகிறான் என்று நினைத்தாராம். வந்தவன் கொடியைக் காட்டி, “எந்த வருஷம்?” என்றான். சொன்னதும், “வெல்கம் ஹோம்” என்றான். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டான்.

“நாற்பத்திரண்டு வருஷம் லேட்” என்று சிரித்தார் கேப்டன். அந்த ஆள் இப்போது பக்கத்துப் படித்துறைக்காரர். மின்னசோட்டாவில் ஐஸ் உடைத்துவிடும் என்பதால், படகு கட்டும் மேடையை வருஷா வருஷம் கழற்றிக் கரையேற்றி, வசந்தத்தில் மறுபடி மாட்ட வேண்டும். பனி உருகிய நீரில் இடுப்பளவு நின்று செய்கிற வேலை. கேப்டன் பதினோரு வருஷமாக அந்தத் தண்ணீரில் கால் வைக்கவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் மேடை மாட்டியிருக்கும். யார் மாட்டினீர்கள் என்று கேட்டால் ஏரியே அப்பாவியாக முழிக்கும்.

ஜூலை 4 வந்தது. அமெரிக்காவின் சுதந்திர தினம். அன்றிரவு ஏரிக்கு மேல் வாணவேடிக்கை என்று அக்கா ஒரு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போன் சார்ஜ் எல்லாம் போட்டு ரெடி. இருட்டுகிற நேரம் நம் படகுகள் ஏழும் கிளம்பின. வெடி வெடிக்கிற பக்கம் போகவில்லை. நேர் எதிர்ப்பக்கம், மேட்டுக்குப் பின்னால் ஒரு முடுக்கில் போய் நின்றுகொண்டன.

“அத்தான், இங்கேயிருந்து ஒண்ணுமே தெரியாதே?”

“தெரியாது.”

“அப்புறம் எதுக்கு...?”

“சிப்ஸ் வேணுமா?” என்றார் அத்தான்.

வாயை மூடிக்கொண்டேன். தீபாவளிக்கு அணுகுண்டு வெடித்து வளர்ந்தவனுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பத்து மணிக்கு முதல் சத்தம் வந்தது. மேட்டைத் தாண்டி, அமுங்கி, எங்கேயோ கதவைச் சாத்திய மாதிரி ‘டும்’. அவ்வளவு சின்னச் சத்தத்துக்கு, சோபாவின் கைப்பிடியைப் பிடித்திருந்த கேப்டனின் விரல்கள் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் தோளைத் தட்டவில்லை. லாரி ஓட்டிய அம்மாள் சீட்டுக்கட்டை எடுத்துப் போட ஆரம்பித்தார். அவர் கையும் லேசாக நடுங்கியது. குழந்தைகள் உட்பட ஒருத்தர் விடாமல் ரம்மி ஆடினோம். நாற்பது நிமிஷம். எனக்கு எண்பது பாயின்ட் ஃபுல் கவுன்ட். இந்த ஏழு வீட்டுப் பிள்ளைகளும் ஜூலை 4 வாணவேடிக்கையைப் பக்கத்தில் பார்த்ததே இல்லையாம். பான்ட்டூன் என்றால் ரம்மி என்றுதான் அதுகளுக்குத் தெரியும்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எங்கள் பெரியப்பாவும் ராணுவம். மெட்ராஸ் சாப்பர்ஸ், பெங்களூர். கேப்டன் வயசுதான் இருக்கும். 1971 போரில் கிழக்கு எல்லையில் இருந்தார் என்று கேள்வி. குடும்பத்தில் அவருக்கு ஒரே உபயோகம், கல்யாணம் காதுகுத்து என்றால் மிலிட்டரி கேண்டீன் சரக்கு. “பெரியப்பா, ரெண்டு பாட்டில்” என்பதைத் தவிர வேறெதுவும் அவரிடம் நான் கேட்டதாக நினைவில்லை. இந்தியாவில் பகல். போன் போட்டேன்.

“பெரியப்பா, பான்ட்டூன்னா உங்களுக்குத் தெரியுமா?”

“ஏண்டா, ரிக்ரூட்டா அல்சூர் ஏரியில அதைத்தாண்டா தள்ளிக்கிட்டிருந்தோம். மிதவையை வரிசையாக் கட்டி, மேல பாலம் போட்டு லாரியை விடுவோம். அங்கே என்ன விடுறான்?”

“சோபா போட்டு உக்காந்திருக்காங்க பெரியப்பா.”

“சோபாவா!” ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் தானாகவே ஆரம்பித்தார். ராத்திரியில் விளக்கில்லாமல் ஆற்றில் இறங்கியது, கூட இருந்த தஞ்சாவூர்க்காரர் ஒருவர் விடியும்போது இல்லாமல் போனது, அவர் டிரங்குப் பெட்டியை இவர் கொண்டுபோய் வீட்டில் கொடுத்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். பெரியம்மாவுக்கே இதெல்லாம் தெரியாது என்று நினைக்கிறேன். பின்னணியில் டி.வி. சத்தத்தை யாரோ அணைத்துவிட்டார்கள்.

சொல்லி முடித்து ஒரு செருமல்.

“சரி, விஷயத்துக்கு வா. எத்தனை பாட்டில் வேணும்?”