சாப்பாட்டு மேசைக்கு வந்த பத்தமடைக் கோரை

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகும் சாலையில் இருக்கிறது பத்தமடை. மணமக்கள் பெயரை நெய்து கொடுக்கும் கல்யாணப் பாயால் பேர் வாங்கிய ஊர். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனதை இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். நான் போனது படுக்கிற பாய்க்காக அல்ல, சாப்பாட்டு மேசையில் தட்டுக்கு அடியில் விரிக்கிற சிறு விரிப்புகளுக்காக. அதே கோரை, அதே தறிதான்.

இந்தத் தொழிலில் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். நான் போன வீட்டின் திண்ணையில் வயதான அம்மா ஒருவர் கோரை கிழித்துக்கொண்டிருந்தார். தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையைப் பச்சையாக அறுத்து, காயவைத்து, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். தண்டு ஊதிப் பருத்ததும் மறுபடி காயவைத்து, உள்ளே இருக்கும் சோற்றை நீக்கிவிட்டுக் கத்தியால் கிழிக்க வேண்டும். அவர் இடது கைப் பெருவிரலால் தண்டை அழுத்திப் பிடித்து, கத்தியை அசைக்காமல் தண்டை மட்டும் இழுத்தார். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கடைசியில் விரலில் சுற்றினாலும் ஒடியாத இழை வந்தது. பாயின் நயம் முழுக்க இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. தறியில் எத்தனை கைத்திறன் இருந்தாலும், தடித்த கோரையில் மெல்லிய பாய் வராது.

உள்ளே தரையோடு தரையாகத் தறி. நீளவாட்டில் ஓடும் பாவு பருத்தி நூல். உயர்ந்த ரகத்துக்குப் பட்டு. நீண்ட குச்சியில் கோரையைக் கோத்து ஒருவர் பாவுக்குள் செலுத்த, இன்னொருவர் அச்சை இழுத்து அடித்து நெருக்குகிறார். கோரை முறியாமலிருக்க நடுநடுவே ஈரத் துணியால் ஒற்றிக்கொள்கிறார்கள். பட்டுப் பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். அதற்கேற்ற விலை கொடுக்க எல்லாராலும் முடியாது. பிளாஸ்டிக் பாய் வந்த பிறகு சாதாரணப் பாய்க்கும் கேட்பு குறைந்துவிட்டது. 12க்கு 18 அங்குல மேசை விரிப்பு சீக்கிரம் முடிகிறது, சீக்கிரம் விற்கிறது. பெரிய பாயின் கம்பீரம் இதில் இல்லைதான். ஆனால் தறி ஓடுகிறதே, அது எனக்குப் பெரிதாகப் பட்டது.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். விரிப்பு ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். “இழை எல்லாம் ஒண்ணுபோல இருக்கா பாருங்க. ஒண்ணு தடிச்சு ஒண்ணு மெலிஞ்சு இருந்தா அவசரத்துல கிழிச்சது.” பிறகு லேசாகச் சுருட்டி விட்டார், அது முறுக்கில்லாமல் விரிந்து படுத்தது. சாயத்துக்கு ஒரு வழி உண்டு: ஈரமான வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தைத் தேய்த்தால் கெட்டிச் சாயமா என்று தெரிந்துவிடும். ஒரு காலத்தில் சிவப்புக்குச் சப்பங்கிக் கட்டையைக் காய்ச்சினார்கள். இப்போது பெரும்பாலும் ரசாயனச் சாயம். சாயமேற்றாத வெளிர் கோரையில் ஓரத்துக்கு மட்டும் ஒரு சிவப்புக் கோடு ஓடும் விரிப்புதான் என் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. அதன்மேல் வெண்கலக் கிண்ணமோ, வெள்ளைப் பீங்கானோ, வாழையிலையோ எதை வைத்தாலும் எடுப்பாக இருக்கும்.

“வாங்கிட்டுப் போயி சோப்புத் தண்ணியில ஊறப்போட்ருதாங்க. பொறவு பூத்துப்போச்சுன்னு வருதாங்க” என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. ஊறினால் பருக்கிற தண்டு இது என்று திண்ணையில் பார்த்தவருக்கு விளங்கும். குழம்பு சிந்தினால் உடனே ஒற்றி எடுங்கள். மஞ்சள் கறை தங்கினால் போகாது. ஈரத் துணியால் துடைத்து நிழலில் காற்றாட விடுங்கள். மடித்து வைத்தால் மடிப்பிலேயே கோரை முறியும், அதனால் சுருட்டி வையுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேராக இதன்மேல் வைக்காதீர்கள். அதற்கு மரப்பலகை போதும். பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினால் பூஞ்சை வரும்.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனாலும் அந்தப் பெயரில் என்னென்னவோ விற்கிறது. அதனால் வாங்கும்போது கையால் கிழித்த கோரையா, பாவு பருத்தியா பட்டா என்று கேளுங்கள். விவரம் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.