வெல்லாவெளியில் கேட்ட கதை



களுவாஞ்சிகுடியில் பஸ்ஸை விட்டிறங்கி, பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் வாவியின் மேற்குக் கரை. படுவான்கரை என்பார்கள். போரதீவைத் தாண்டி வயல்களினூடே சென்றால் வெல்லாவெளி. என் வாப்பா மருதமுனைச் சாரங்களையும் சேலைகளையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு அங்கே போய் வியாபாரம் செய்தவர். கடனுக்குக் கொடுப்பார்; அறுவடையில் நெல்லாக வாங்குவார்.

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சுடப்பட்டு ஷஹீதானார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. அதன்பின் வாப்பா அந்தப் பாலத்தைக் கடக்கவே இல்லை.

ஆனால் அவருடைய கணக்குக் கொப்பியில் ஒரு வரி இருந்தது. வெல்லாவெளி அம்மா ஒருவர் மகளின் கலியாணச் சேலைக்கு முன்பணம் தந்திருந்தார். சேலை போய்ச் சேரவில்லை. 'இது என் கழுத்தில் கிடக்கும் கடன்' என்று மௌத்துக்கு முன் வாப்பா வஸிய்யத் செய்தார். விசாரித்து விசாரித்து, சென்ற மாதம்தான் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன்.

அம்மாவுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். யாருடைய மகன் என்று சொன்னதும், "காக்காட மகனா? இருங்க தம்பி" என்று திண்ணையில் பாய் விரித்தார். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. இளைய மகன் பிரான்சில். அங்கே எடுத்த 'தீபன்' என்ற படத்தின் கதையை அவர் போனில் சொன்னாராம்.

நான் சினிமாக் கொட்டகை வாசலை மிதிக்காதவன். இருந்தும் கேட்டேன். யுத்தத்தில் தப்பிய ஒருவனும், ஒரு பெண்ணும், ஒரு சிறுமியும், இறந்துபோன மூவரின் பாஸ்போட்டில், ஒரே குடும்பம் என்று சொல்லி அகதிகளாகப் போகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு ஹபீப் என்ற நோயாளியின் வீட்டில் சமையல் வேலை கிடைக்கிறது. "உங்கட ஆளுக்குத்தான் எங்கட பிள்ளை சோறாக்குது" என்று அம்மா சிரித்தார்.

தீபனாக நடித்தவர் அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. சிறு வயதில் இயக்கத்தில் இருந்து விலகியவர். 1993இல் பிரான்சுக்கு அகதியாகப் போய்க் கூலி வேலைகள் செய்தவர். உடன் நடித்த சென்னைப் பெண் காளீஸ்வரிக்கு அதுவே முதல் படம். இவர்கள் 2015 மே மாதம் கான் நகரின் சர்வதேசத் திரைப்பட விழாவில், உலகப் பிரபலங்கள் நடக்கும் சிவப்புக் கம்பளத்தில் நடந்தார்கள். படத்தை எடுத்த ஜாக் ஓடியாருக்கு அவ்விழாவின் முதல் பரிசான தங்கப் பனை கிடைத்தது.

சகோதரிகளே, உண்மையைச் சொல்கிறேன். 'இயக்கத்தில் இருந்தவர்' என்றதும் என் மனம் சுருங்கியது. காத்தான்குடி ஜனாஸாக்கள் கண்முன் வந்தன. அந்த மாதமே வீரமுனையில் தஞ்சமிருந்த தமிழர்கள் கொல்லப்பட்டதும், அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் மீது பழி இருப்பதும் கூடவே நினைவுக்கு வந்தன. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்பது அல்லாஹ்வின் கட்டளை. மிம்பரில் அதை எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். அந்தத் திண்ணையில்தான் அது என்னைப் பார்த்துப் பேசியது.

பணத்தை நீட்டினேன். அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"காக்கா மறக்கல்ல. நாந்தான் தப்பா நினைச்சிட்டன். இவ்வளவு காலமும் ஏசிக்கொண்டு இருந்தேன் தம்பி."

"மன்னித்துவிடுங்கள் அம்மா" என்றேன். ஒரு சட்டி எருமைத் தயிரைக் கட்டித் தந்தே அனுப்பினார்.

உங்கள் வீட்டிலும் பழைய கொப்பிகள் இருக்கும். எடுத்துப் பாருங்கள். வாவிக்கு அப்பால் யாருக்காவது கொடுக்க வேண்டியது இருந்தால், அவர்கள் உயிரோடிருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். பாலம் இப்போது திறந்துதான் இருக்கிறது.