சித்தப்பாவின் பாட்டு

போன ஞாயிறு தக்காளி பறிப்பு இல்லை. ஓசூர் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்த கையோடு மகன் கேமராவோடு வந்துட்டான். எங்க சித்தப்பாவைப் பற்றிச் சொந்தக் காசில் படம் எடுக்கிறான். அவர் பெங்களூரு மெட்ராஸ் சேப்பர்ஸில் இருந்தவர். ஊரில் 'மிலிட்டரிக்காரர்' என்றால்தான் தெரியும்.

சண்டையைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் எதுக்குடா" என்பார். கர்ணன் கூத்துப் பாட்டைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார். அன்றைக்கும் பாடினார். பாதியில் சித்தி, "லீவு முடிஞ்சு போறப்ப, பஸ் ஏறுற வரைக்கும் இதைத்தான் முணுமுணுப்பாரு. எனக்கு அழுகையா வரும்" என்றார். பின்னால் மாடு வேற கத்துது.

"பாட்டி பேசினதை வெட்டிடலாம்பா" என்றான் மகன்.

எனக்கு அவன் முன்னாடி சொன்ன படம் ஞாபகம் வந்தது. பிலிப் ஷெஃப்னர் 2007-ல் எடுத்த 'த ஹாஃப்மூன் ஃபைல்ஸ்'. முதல் உலகப் போரில் ஜெர்மனியிடம் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களின் பேச்சையும் பாட்டையும் பெர்லின் பக்கத்து முகாமில் பதிந்து வைத்திருக்கிறார்கள். 1916 டிசம்பர் 11 அன்று மால் சிங் என்ற பஞ்சாப்காரர் கொஞ்ச நேரம் பேசுகிறார். ஊரில் வெண்ணெய் சாப்பிட்டதையும், திரும்பிப் போகும் ஏக்கத்தையும் சொல்கிறார். பதிந்தவர்களுக்கு அது மொழி ஆராய்ச்சி. என் மனசில் நின்னது அந்த வெண்ணெய்தான்.

"பாட்டியும் மாடும்தான்டா நம்ம வீட்டு வெண்ணெய். விட்டுடு" என்றேன். வெட்டலை.

உங்க வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருந்தால் தள்ளிப் போடாதீங்க. சித்தப்பாவுக்கு இப்பவே ரெண்டு அடிக்கு மேல மூச்சு நிக்கலை.