விதைக்கு ஒரு தோப்பு, கம்புக்கு ஒரு தோப்பு!

மதுரை வில்லாபுரத்தில் இருபது வருடமாகப் பந்தல் போடுகிறார் அவர். லாரியிலிருந்து இறக்கும் சவுக்குக் கம்பைப் பார்த்த மாத்திரத்தில், எது பந்தக்காலுக்கு, எது அடுப்புக்கு எனச் சொல்லிவிடுவார். திருமங்கலம் பக்கம் கிணற்றோடு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. சவுக்கு வைத்தால் நாலு வருடத்தில் வெட்டலாம். மகளின் படிப்பு முடிவதும் அப்போதுதான். வனவியல் படிக்க அவள் மேட்டுப்பாளையம் போய்ச் சில மாதங்களே ஆகின்றன.

"ரோட்டோர மரத்துல கொத்துக் கொத்தா காய் கிடக்கு. விதைக்கு எதுக்குக் காசு?" என்றார்.

"அது கோணல் மரம்ப்பா. தப்புன்னு தெரியவே நாலு வருஷம் ஆகும்" என்றாள் மகள்.

சவுக்குக் காய், கொடைக்கானல் பைன் மரக் கூம்பின் குட்டி மாதிரி இருக்கும். ஆனால், சவுக்கு ஊசியிலை மர வகை அல்ல, பூக்கும் தாவரம். ஒற்றுமை ஒன்று உண்டு. இரண்டுக்கும் காற்றுதான் மகரந்தம் சுமக்கிறது. தாய் மரம் நேராக இருந்தாலும், பக்கத்துக் கோணல் மரத்தின் மகரந்தம் வந்து விழலாம்.

அதற்குத்தான் விதைத் தோட்டங்கள். கோவையில் 1988-ல் தொடங்கப்பட்ட வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் சவுக்குக்கு இவற்றை உருவாக்கியிருக்கிறது. நேராக, வேகமாக வளரும் மரங்களின் வாரிசுகளை மற்ற சவுக்குகளிலிருந்து தள்ளி நடுவார்கள். தேறாததை வெட்டிக் கழிப்பார்கள். தாராள இடைவெளி விட்டால் கிளையெல்லாம் வெயில் பட்டுக் காய் பெருகும். குளிர் நாடுகளின் பைன் தோட்டங்களில், கூம்பு கூட ஜிப்ரலின் ஹார்மோன் கொடுப்பதும் உண்டு. சவுக்குக் காயை வெடிக்கும் முன் பறித்து, துணியில் காயவைக்க வேண்டும். இறகு விதை காற்றில் பறந்துவிடும். மிச்சத்தை எறும்பு இழுத்துவிடும்!

"அப்ப நம்ம தோப்புலயே பத்து மரத்தை விதைக்கு விட்டா?"

"கம்புக்கு நெருக்கி நடணும், விதைக்கு விலக்கி நடணும். ரெண்டும் ஒரே தோப்புல ஆகாதுப்பா. பத்தும் ஒரே தாய்ப் பிள்ளைங்களா இருந்தா, அடுத்த தலைமுறை சோடை போயிடும்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கணக்கு நோட்டை எடுத்து, விதைத் தோட்ட விதையில் வளர்த்த நாற்றுக்கு என்ன செலவாகும் என்று எழுதிப் பார்த்தார். ஒரு கல்யாணப் பந்தல் வாடகையில் பாதிகூட வரவில்லை.

"சரி தாயி, நாத்துக்குச் சொல்லிரு" என்றார்.