காலிக் கோட்டையில் ஒரு காலை நடை

ஊர் பார்த்தல் இருவகைப்படும். வண்டியின் சன்னலோரத்தில் அமர்ந்து, உடன் வருபவர் சொல்லுவனவற்றுக்கெல்லாம் தலையசைத்துத் திரும்புவது ஒருவகை. காலால் நடந்து, மனம் பற்றிய இடத்தில் நின்று, ஐயம் தோன்றின் அங்குள்ளாரைக் கேட்டு, விடை கிடையாதபோது தாமே சிந்தித்து வருவது மற்றொரு வகை. பழைய நகரம் ஒன்றை அறிய விரும்பும் மாணவருக்கு இரண்டாவதே ஏற்றது என்பது நம் துணிபு.

"நடப்பதா? நாம் நடந்த நடை போதாதா?" என்று சப்பிரகமுவத் தோட்டங்களில் வாழும் அன்பர் சிலர் கேட்கக்கூடும். அக்கேள்வியில் நியாயம் இல்லாமற் போகவில்லை. நம் மூதாதையருள் பலர் இந்நாட்டின் மலைகளை அடைந்ததே கால்நடையாகத்தான். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை அவர்கள் நடந்தார்கள். வாந்திபேதிக்கும் பசிக்கும் வழியிலேயே இரையானவர் பலர். வந்து சேர்ந்த பின்னரும் நடை ஓயவில்லை. லயத்திலிருந்து பெரட்டுக்கு, பெரட்டிலிருந்து மலைக்கு, மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கு என்று தலைமுறை தலைமுறையாக அது நீண்டது. ஆயினும் எங்கே போவது, எப்போது நிற்பது என்பவற்றை அந்நடைகளில் எல்லாம் பிறரே முடிவு செய்தனர். தன் விருப்பப்படி திரும்பி, தன் விருப்பப்படி நிற்கும் நடை முற்றிலும் வேறானது. அதனை நம் குடும்பத்தார் ஐவரும் காலிக் கோட்டையில் நடந்து பார்த்தோம்.

ஓப்பநாயக்கவிலிருந்து காலிக்குச் செல்லக் கொழும்பைத் தொட வேண்டுவதில்லை. பெல்மதுளைக்கு வந்து, அங்கிருந்து எம்பிலிப்பிட்டிய வழியாக நோனாகம சென்றால் தென்கரைப் பெருவீதி வந்துவிடும். தங்காலை, மாத்தறை என்று கடலோரமாகவே போகலாம். பிள்ளைகள் இருவர், அவர்தம் அம்மாயி, பெற்றோராகிய நாம் இருவர் என ஐவரும் பேருந்து மாறி மாறி மாலையில் காலியை அடைந்து, ஒரு சிறு விடுதியில் இரவைக் கழித்தோம். மறுநாட் காலை ஆறு மணிக்கே கோட்டை வாயிலில் நின்றோம். வழிகாட்டி எவரையும் அமர்த்திக்கொள்ளவில்லை. மூத்த மகளின் கையில் ஒரு வரைபடமும் குறிப்பேடும், இளையவன் தோளில் தண்ணீர்ப் போத்தலும், அம்மாயியின் கையில் குடையும் இருந்தன. வேண்டியவை அவ்வளவே.

மதிலின் மேல்

கோட்டையின் இன்றைய பெருவாயில் 1873-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரால் திறக்கப்பட்டது. அதனைக் கடந்தவுடன் படியேறி மதிலின் மேற்சென்று, வெளிப்புறம் வலக்கைப் பக்கமாக இருக்குமாறு நடந்தோம். முதலில் எதிர்ப்பட்டது மணிக்கூட்டுக் கோபுரம். அந்தோனிஸ் என்னும் மருத்துவர் காலி மக்களுக்கு ஆற்றிய தொண்டைப் பாராட்டி, ஊரார் பணம் திரட்டி 1883-இல் எழுப்பியது அது. அரசர்க்கும் ஆளுநர்க்கும் நினைவுச் சின்னங்கள் மலிந்த காலத்தில் ஒரு வைத்தியருக்குக் கோபுரம் எழுந்தது என்பதை மகள் விருப்போடு குறித்துக்கொண்டாள்.

அங்கிருந்து வெளியே நோக்கினால் கிரிக்கெட் மைதானமும் பேருந்து நிலையமும் தெரிகின்றன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அவ்விரண்டையும் மூடிப் பாய்ந்தது. கோட்டையின் உட்புறமோ இம்மதிலின் தடிப்பினாற் பெரிதும் தப்பியது. பகைவரின் பீரங்கிக்கு அஞ்சிக் கட்டிய சுவர், கட்டியவர் போய் இரண்டு நூற்றாண்டுகள் கழிந்த பின் கடலிடமிருந்து ஊர்மக்களைக் காத்திருக்கிறது.

மதிலில் நடக்கும்போதே கோட்டையின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தோம். முதலில் இங்கே அரண் அமைத்தவர் போர்த்துக்கீசர். 1640-இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இன்று நாம் காணும் பெருமதிலைக் கட்டி, உள்ளே நேரான தெருக்களை வகுத்தனர். நிலத்தடியே கழிவுநீர்க் கால்வாய்கள் அமைத்து, கடல் ஏற்றவற்றத்தைக் கொண்டே அவற்றைக் கழுவச் செய்தனர். 1796-இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கொழும்பில் 1875-இல் அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, புதிய துறைமுகம் உருவானதும் கப்பல்கள் அங்கே திரும்பின. காலியின் வாணிகம் மெலிந்தது. பணம் பெருகிய ஊர்களிற் பழைய வீடுகள் இடிக்கப்படும். காலியில் அவை நின்றன. 1988-இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றதற்கு அந்த மெலிவும் ஒரு காரணம் எனலாம்.

இவற்றையெல்லாம் கேட்டுவந்த அம்மாயி ஓரிடத்தில் நின்று, மதிலின் கல்லைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அவன் கட்டினான், இவன் கட்டினான்கிறீங்களே, இம்புட்டுக் கல்லையும் சுமந்தது யாரு?"

நாற்பது ஆண்டுகள் கொழுந்துக் கூடை சுமந்தவர் கேட்ட கேள்வி அது. ஒல்லாந்தர் ஆட்சியில் அடிமைகளும், ஊழியம் என்னும் கட்டாயப் பணிக்கு அழைக்கப்பட்டோரும் இத்தகைய வேலைகளில் உழைத்தனர். தளபதிகளின் பெயர் ஏடுகளில் இருக்கிறது. கல் சுமந்தவனுக்கு ஒரு பெயர்ப்பலகையும் இல்லை. மகள் அன்று எழுதிய குறிப்புகளுள் அம்மாயியின் கேள்வியே மிகப் பெரிய எழுத்தில் இருந்தது.

தெருக்களின் உள்ளே

மதிலின் தென்கோடியில் கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1848-இல் எழுந்த முந்தைய விளக்கம் 1934-இல் தீக்கிரையாகவே, இன்றுள்ளது 1939-இல் கட்டப்பட்டது. அதனை அடுத்து வெண்மையாக விளங்கும் மீரான் பள்ளிவாசலைத் தொலைவிற் கண்ட இளையவன் மாதா கோயில் என்றே எண்ணினான். அருகிற் சென்ற பின்னர்த்தான் உண்மை புலனாயிற்று. அதன் முகப்பு அத்தகையது.

வெயில் ஏறியதும் மதிலை விட்டிறங்கித் தெருக்களுக்குள் நுழைந்தோம். பழைய வாயிலின் வெளிமுகத்தில் ஆங்கில அரசின் சின்னம் இருக்கிறது. உள்ளே வந்து திரும்பி நோக்கினால், ஒல்லாந்தக் கும்பினியின் எழுத்துகளும் இரு சிங்கங்களும் மேலே ஒரு சேவலும் 1669 என்னும் ஆண்டும் தெரிகின்றன. ஒரே வாயிலில் இரண்டு ஆட்சிகள்! நடந்து கடந்து, திரும்பியும் பார்த்தவனுக்கே இரண்டும் கிட்டும்.

1755-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயத்தின் தளம் கல்லறைக் கற்களால் ஆனது. அதனை மிதிக்க அம்மாயிக்கு மனம் ஒப்பவில்லை. வாயிலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்று கும்பிட்டார். அருகே 1871-இல் திருநிலைப்படுத்தப்பட்ட ஆங்கிலத் திருச்சபையின் ஆலயம் நிற்கிறது. இவற்றுக்கிடையே சிங்களவர், சோனகர், பறங்கியர் வாழ்ந்த வீடுகள், தூண்கள் தாங்கிய திண்ணைகளோடு வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் எத்தனையோ இன்று விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன.

தமிழ் எங்கே?

நீதிமன்றச் சதுக்கத்து ஆலமர நிழலில் இளைப்பாறும்போது மகள் கேட்டாள்: "எல்லாரும் இந்த ஊரில் இருந்திருக்கிறார்கள். தமிழ் எங்கே?"

அதற்கு விடையாக ஒரு கல் உண்டு. 1911-ஆம் ஆண்டில், டொமலின் என்னும் பொறியியலாளர் இக்காலி நகரின் கிறிப்ஸ் வீதியருகே வடிகால் ஒன்றின் மூடியாகக் கிடந்த கற்பலகையைக் கண்டார். எழுத்துள்ள முகம் கீழ்நோக்கி இருந்தது. சீனப் பேரரசரின் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த கல் அது. அதிற் பொறித்த காலம் 1409. அதில் மூன்று மொழிகள் உள்ளன. சீனத்தில் புத்த பகவானுக்கும், பாரசீகத்தில் இசுலாமியரின் இறைவனுக்கும், தமிழில் தெனாவரை நாயினாருக்கும் காணிக்கைகள் உரைக்கப்படுகின்றன. ஆயிரம் பொன்னும் ஐயாயிரம் வெள்ளியும் பட்டும் நறுமண எண்ணெயும் அவற்றுள் அடங்கும். தெனாவரை என்பது முதல்நாள் நாம் மாத்தறையை நெருங்குகையிற் கடந்து வந்த தேவேந்திரமுனை. நாயினாரைத் திருமாலின் வடிவமாக ஆய்வாளர் கொள்வர். அப்பெருங்கோயிலைப் போர்த்துக்கீசர் 1588-இல் அழித்தனர்.

ஆகவே, சீனத்திலிருந்து வந்த ஒருவர் இத்தென்கரையில் தம் சொல் விளங்கவேண்டுமாயின் தமிழிலும் எழுதவேண்டும் என்று கருதியிருக்கிறார். அக்கல் இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் பேணப்படுகிறது. அதைக் கேட்ட மகள் சற்றுநேரம் பேசவில்லை. பின்பு, "கவிழ்த்துப் போட்டிருந்தாலும் எழுத்து அழியவில்லையே" என்றாள்.

நாம் இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அக்கல்லைக் காட்டி எவரிடமும் உரிமை வழக்காடுவது நம் கருத்தன்று. அந்தத் தமிழ் துறைமுகத்து வணிகரின் தமிழ். மலைக்கு வந்த நம் முன்னோர் அதற்குப் பன்னூறாண்டு பிந்தியவர்கள். ஆயினும், "நீ எந்த ஊர்?" என்ற கேள்வியைப் பலமுறை கேட்டு வளரும் பிள்ளைக்கு, இத்தீவின் வாயில்கள் எப்போதுமே பல மொழிகளுக்குத் திறந்திருந்தன என்னும் அறிவு ஒரு பலம்.

அக்கேள்வியின் சுமையை நம் வீட்டில் அம்மாயி அறிவார். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையற்றவராக்கப்பட்ட குடும்பம் அவருடையது. 1964 ஒக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. அந்தக் கணக்கில் அவருடைய தமையனார் ஒரு பக்கமும் அவர் மறுபக்கமும் விழுந்தனர். தமையனார் 1970-களில் தலைமன்னாரிற் கப்பலேறினார். அம்மாயிக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே இந்நாட்டுக் குடியுரிமை கிடைத்தது.

மதிலின் மேலிருந்து அவர் கேட்டார்: "அண்ணன் போன கப்பல் இந்தக் கடல்லதான் போச்சா?"

"இல்லை அம்மாயி, அது வடக்குப் பக்கம்" என்றான் இளையவன்.

"எந்தப் பக்கமா இருந்தா என்ன, தண்ணி ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டு, அவர் குடையை விரித்துக்கொண்டு முன்னே நடந்தார். எவரும் அவரை எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. சீட்டும் கேட்கவில்லை.

மாணவர்க்குச் சில சொற்கள்

இத்தகைய நடைக்குச் செல்வோர் புறப்படுமுன் அவ்வூரைப் பற்றி ஒரு நூலையேனும் வாசித்தல் நன்று. வெயிலுக்கு முன் திறந்த வெளியையும், வெயிலிற் கட்டடங்களின் உட்புறத்தையும் காணுமாறு வழியை வகுத்துக்கொள்ளுங்கள். வாயில்களிலும் கற்களிலும் உள்ள ஆண்டுகளைக் குறியுங்கள். வீட்டுத் திண்ணையில் முதியவர் இருந்தால் வணங்கிப் பேசுங்கள். பலகையில் இல்லாதது அவரிடம் இருக்கும். முடிந்தால் வீட்டு முதியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் மெதுவாக நடப்பார். அதனாலேயே நீங்களும் மிகுதியாகக் காண்பீர்கள்.

காலி தொலைவாயிற்றே என்று எவரும் வருந்த வேண்டா. ஓப்பநாயக்கவிலும் படிக்கத்தக்க பழைமை உண்டு. கொழும்பிலிருந்து களனிப் பள்ளத்தாக்கு வழியே வந்த ஒடுக்கமான இருப்புப்பாதை 1912-இல் இரத்தினபுரியையும் 1919-இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது. தண்டவாளங்களின் இடைவெளி இரண்டரை அடி. அதன் கடைசி நிலையம் நம்மூர்தான். அவிசாவளைக்கு இப்பாலுள்ள பகுதி 1976-இல் மூடப்பட்டது. அந்த இரயிலில் ஏறிய கால்கள் இன்னும் சில நம் லயங்களில் இருக்கின்றன. அது எங்கே நின்றது, எவ்வழியே வளைந்தது, பாதைக்கு மண் வெட்டியவர் யார், எந்தத் தோட்டத்துத் தேயிலையும் இரப்பரும் அதில் ஏறின என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் காட்டும் வழியே நடந்து, ஆண்டும் பெயரும் இட்டு எழுதிவையுங்கள். கேட்க வேண்டியவற்றை அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.