தோற்றமா, வகையா?

பங்சார் வீட்டு ஜெபக்கூட்டங்களில் அம்மாவின் மடியில் தமிழ் வேதாகமம் இருக்கும். பக்கத்தில் மகளின் கைப்பேசியில் ஆங்கிலம். 1 தெசலோனிக்கேயர் 5:22 வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். பொல்லாங்காகத் தோன்றுவதை விடச் சொல்கிறது தமிழ். தீமையின் எல்லா வகைகளையும் விடச் சொல்கின்றன இன்றைய ஆங்கிலப் பதிப்புகள். பிரசங்கம் பண்ணுகிறவனைத்தான் இருவரும் பார்ப்பார்கள்.

கிரேக்கத்தில் அங்கே இருக்கும் சொல் 'ஏய்தோஸ்'. காண்பது என்ற வினையோடு பிறந்தது. கண்ணுக்குத் தெரியும் உரு என்று பொருள். அகராதியோடு நிறுத்திக்கொள்வது எனக்குப் பிடிக்காது. புதிய ஏற்பாட்டில் அது வருவது 5 இடங்களில்தான். ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். லூக்கா 3:22, 9:29, யோவான் 5:37 மூன்றிலும் நம் பழைய மொழிபெயர்ப்பு 'ரூபம்' என்கிறது. 2 கொரிந்தியர் 5:7இல் தரிசிப்பது. இவ்வளவும் தோற்றத்தின் பக்கம். 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமமும் நம் வசனத்தில் தோற்றம் என்றே எடுத்தது. ஆனால் அக்காலப் பாப்பிரஸ் ஏடுகளில் இதே சொல் 'வகை' என்ற பொருளிலும் புழங்கியது.

எந்தப் பக்கம் சாய்வது? முந்தைய வசனங்கள்தான் தீர்க்கின்றன. தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதீர்கள், எல்லாவற்றையும் சோதித்து நல்லதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறார் பவுல். உடனே இந்த வசனம். பார்வைக்கே பொல்லாங்கு தெரிந்துவிடும் என்றால் சோதிக்கச் சொல்வானேன்? சோதனையில் தீமை என்று தேறியதை, அது எந்த வகையானாலும், விடுங்கள் என்பதே எனக்குப் படுகிறது.

இது வெறும் இலக்கணச் சண்டையில்லை. தெலாவி சாலை உணவகத்தில் யார் யாரோடு உட்கார்ந்திருந்தார்கள் என்று துருவ நம் சபைகளில் முதலில் கைக்கு வருவது இந்த வசனம்தான். அந்த அளவுகோலில் இயேசுவே தேறமாட்டார். ஆயக்காரரோடு சாப்பிட்டதற்கு அவரைப் போஜனப்பிரியன் என்றார்களே! தோற்றத்தின்படி தீர்ப்பு செய்யாதீர்கள் என்று யோவான் 7:24இல் அவர் சொன்னதும் இருக்கிறது. அங்கே சொல் வேறு, 'ஒப்சிஸ்'.

கிரேக்கச் சொல்லைப் பிரசங்கபீடத்தில் உருட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. அது மேசை வேலை. ஜனங்களுக்கு முன்வசனத்தை உரக்க வாசித்தாலே போதும்.

அம்மாவின் கவலையைத் தள்ளிவிடவும் கூடாது. நம் நடத்தையைப் பார்த்து இன்னொருவர் இடறக்கூடாது என்பதும் பவுல் சொன்னதுதான், 1 கொரிந்தியர் 8இல். உடன் ஊழியர்களே, அதைச் சொல்லவேண்டிய நாளில் அந்த அதிகாரத்தைத் திறந்து பிரசங்கியுங்கள்.