மணியின் காது

உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா? அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

கரையான்சாவடியில் எங்கள் வீட்டு மணிக்கு இந்த ஐப்பசி மழையில் காது நாற ஆரம்பித்தது. ஓயாமல் தலையை உதறும், பாதத்தை நக்கும். வயிற்றடியில் தோல் கறுத்துத் தடித்துவிட்டது. ஊசிப்போன வெண்ணெய் வாடை என்றேன் நான். "செத்த எலி!" என்றார் மாமியார்.

"தெரு நாயிடமிருந்து ஒட்டிக்கிச்சு. எங்கேயாவது கொண்டு விட்டுடுங்கம்மா, குழந்தைங்க இருக்கிற வீடு" என்றாள் எதிர்வீட்டு அம்மாள். மாமியாரும் தலையசைத்தார். எனக்குப் பகீரென்றது. தினமும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன், சரியாகத் துவட்டவில்லை. தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசினேன். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த கதைதான், நேயர்களே!

கடைசியில் கால்நடை டாக்டரிடம் போனோம். அவர் பஞ்சால் காதைத் துடைத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில் குட்டிக் குட்டி நிலக்கடலைகள்! மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சையாம். நாய்களிடம் காணும் இந்த வகையை 1925-ல் முதன்முதலாக விவரித்தது எதிலிருந்து தெரியுமா? தோல் நோய் கண்ட ஓர் இந்தியக் காண்டாமிருகத்திலிருந்து!

"யாரிடமிருந்து ஒட்டியது, டாக்டர்?"

"யாரிடமிருந்தும் இல்லை. நல்ல நாயின் தோலிலேயே இது கொஞ்சம் குடியிருக்கும். ஈரம், தொங்கு காது, ஒவ்வாமை, தைராய்டுக் குறை என்று ஏதாவது இடம் கொடுத்தால் பெருகிவிடும். கொழுப்பு என்றால் இதற்கு உயிர்."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பூனைக்கும் இது வருமாம். மனிதர்களின் பொடுகிலும் இதன் தாயாதிகளுக்குப் பங்கு உண்டாம். இதை வீட்டில் சொன்னபோது மாமியார் தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே போய்விட்டார்.

மைகோனசோலும் குளோர்ஹெக்சிடினும் கலந்த ஷாம்பூவை வாரம் 2 தடவை போட்டு, 10 நிமிஷம் ஊறவைத்து அலசி, ஈரம் போக உலர்த்தச் சொன்னார். செவிப்பறை பழுதில்லை என்று பார்த்த பிறகே காதுக்கு மருந்து எழுதினார். மூன்றே வாரத்தில் வாடை போயிற்று.

"இது பாதி வேலைதான். மூல காரணத்தைப் பிடிக்காவிட்டால் திரும்பி வரும்" என்றார் டாக்டர். ஆகாரத்தில் ஒவ்வாமையோ என்று அவருக்குச் சந்தேகம். 8 வாரம் அவர் சொன்ன ஒரே தீனி, வேறொன்றும் கூடாது.

இப்போது ஐந்தாவது வாரம். எதிர்வீட்டு அம்மாளின் பேரன் வேலி இடுக்கில் ரகசியமாகப் பிஸ்கோத்து நீட்டுகிறான். காவலுக்குத் திண்ணையில் விசிறியுடன் உட்கார்ந்திருப்பவர், என் மாமியார்!